அட்டையில் மீதமிருந்த இரண்டு மாத்திரைகள்: கருத்தடை மாத்திரை தவறிய ஒரு நிகழ்வு

"ஒரு மாத்திரைகூட விடலையே டாக்டர்!"

உள்ளே வந்து உட்காருவதற்கு முன்பே அவர் சொன்ன வார்த்தை இது. கையில் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை இருந்தது. இரண்டு கோடுகள், இரண்டுமே அழுத்தமாக. அவருக்கு வயது 29, முதல் குழந்தைக்கு மூன்று. அடுத்த குழந்தையைப் பற்றி இரண்டு வருஷம் கழித்து யோசிக்கலாம் என்று கணவரும் அவரும் பேசி முடிவெடுத்து, ஆறு மாதத்துக்கு முன் என்னிடம்தான் மாத்திரை எழுதி வாங்கிப் போனார். "இதை எவ்வளவு நம்பலாம்?" என்று அன்றைக்கே கேட்டார். "சரியாச் சாப்பிட்டா 99 சதவீதத்துக்கும் மேல" என்றேன். அது உண்மையான பதில்தான். ஆனால் 'சரியா' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதை நான் பிரித்துச் சொல்லவில்லை. அவருக்கு நேர்ந்ததை நாள் நாளாகப் பிரித்து எழுத எனக்கு இருக்கும் முதல் காரணம் அது.

அவரை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாள் கணக்கில் மட்டும் கை வைக்கவில்லை. இந்த நிகழ்வில் எல்லாமே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

அவர் சாப்பிட்டது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த கூட்டு மாத்திரை. அட்டைக்கு 21 மாத்திரை. 21 நாள் சாப்பிட வேண்டும், 7 நாள் விட வேண்டும் (இதைத்தான் விடுமுறை என்போம்), எட்டாவது நாள் புது அட்டையைத் தொடங்க வேண்டும். அப்படி ஐந்து அட்டைகள் முடிந்து ஆறாவதும் முடிந்த நிலையில், விடுமுறை நாட்களில் வழக்கமாக வரும் உதிரப்போக்கு வரவில்லை. நான்கைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டிலேயே சோதித்திருக்கிறார்.

அன்றே ஸ்கேன் செய்தோம். கரு கருப்பைக்குள்தான் இருந்தது, இதயத் துடிப்பும் தெரிந்தது. அளவு 6 வாரமும் ஒரு நாளும் காட்டியது. மருத்துவக் கணக்கில் இந்த வாரங்களைக் கரு உருவாவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே எண்ணுவோம். 43 நாளில் 14-ஐக் கழித்தால் 29. அதாவது ஸ்கேன் நாளிலிருந்து 29 நாள் பின்னோக்கிப் போனால் கரு உருவான நாள் வரும். இந்த அளவில் ஐந்து நாள் வரை முன்னே பின்னே இருக்கலாம். நாள்காட்டியை எடுத்து எண்ணினோம். அவர் ஆறாவது அட்டையைத் தொடங்கிய நான்காவது நாளில் வந்து நின்றது.

"அப்போ நான் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுதானே இருந்தேன்?" என்றார். ஆமாம். அதனால்தான் விசாரிக்க வேண்டியிருந்தது.

முதலில் அவர் மனதில் இருந்த சந்தேகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அவருடைய முதல் பயம் நேரம் தவறியது பற்றி. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போடுவது வழக்கம். ஆனால் குழந்தையைத் தூங்கவைத்து, வேலை முடித்து, சில நாள் நள்ளிரவு தாண்டிவிடும். ஒரு தடவை மறந்து தூங்கி மறுநாள் காலையில் போட்டிருக்கிறார். "அதுதான் காரணமா?" என்று கேட்டபோது அவர் முகத்தில் இருந்த குற்ற உணர்ச்சியைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. இல்லை, அது காரணமில்லை. கூட்டு மாத்திரையில் சில மணி நேரத் தாமதத்தால் ஒன்றும் ஆகாது. ஒரு மாத்திரை முழுதாக 24 மணி நேரம் தள்ளிப் போனால்கூட, நினைவு வந்ததும் அதைப் போட்டுவிட்டு அன்றைய மாத்திரையை வழக்கம்போல் போட்டால் போதும். பாதுகாப்பு குறையாது.

நேரம் தவறினால் ஆபத்து என்ற பேச்சு வேறொரு வகை மாத்திரையிலிருந்து வந்தது. புரோஜெஸ்டின் மட்டுமே உள்ள மாத்திரை அது. பாலூட்டும் தாய்மார்களுக்கு அதிகம் கொடுப்போம். அதன் பழைய வகைகளில் 3 மணி நேரம் தாமதமானாலே தவறவிட்டதாகக் கணக்கு. அவை பெரும்பாலும் கருப்பை வாயில் உள்ள சளியைக் கெட்டியாக்கி விந்தணுவைத் தடுப்பதை நம்பியிருப்பவை. அந்தக் கெட்டித்தன்மை ஒரு நாளைக்கு மேல் தாங்காது. டெசோஜெஸ்ட்ரல் என்ற வகையில் 12 மணி நேரம் வரை, டிரோஸ்பிரினோன் வகையில் 24 மணி நேரம் வரை அவகாசம் உண்டு. ஒரே 'கருத்தடை மாத்திரை' என்ற பெயரில் இத்தனை வேறுபாடு. தோழி ஒருத்தி சொன்ன விதி தன் மாத்திரைக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். கையில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் எந்த விதியும் உதவாது.

இரண்டாவது சந்தேகம் வீட்டில் இருந்தவர்கள் கிளப்பியது. இருமலுக்கு அமாக்சிசிலின் சாப்பிட்டிருந்தார். "ஆன்டிபயாடிக் சாப்பிட்டா இந்த மாத்திரை வேலை செய்யாது" என்று நாத்தனார் அடித்துச் சொல்லிவிட்டாராம். தேதியைப் பார்த்தால் அது கரு உருவான பிறகு பத்து நாளுக்கு மேல் கழித்து. எனவே நாள் கணக்கே அதை விடுவித்துவிட்டது. தேதி பொருந்தியிருந்தாலும் அமாக்சிசிலின் மேல் பழி போட முடியாது. இந்த நம்பிக்கைக்கு ஒரு வேர் இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்ட பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை பலிக்காமல் போனது மருத்துவ இதழ்களில் பதிவானது. ரிஃபாம்பிசின், கல்லீரலில் ஹார்மோன்களை உடைக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. விழுங்கிய ஹார்மோன் வேலை செய்யும் முன்பே கரைந்து போகிறது. அந்த ஒரு மருந்தின் குணத்தை எல்லா ஆன்டிபயாடிக்குக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். சாதாரணமாகக் கொடுக்கும் அமாக்சிசிலின், டாக்சிசைக்ளின் போன்றவை அப்படிச் செய்வதில்லை.

உண்மையிலேயே கவனிக்க வேண்டிய மருந்துகள் உண்டு. ரிஃபாம்பிசின், ரிஃபாபுட்டின். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின், ஃபெனிடோயின், ஃபீனோபார்பிட்டோன், அதிக அளவு டோபிரமேட். எச்.ஐ.வி.க்கான சில மருந்துகள், குறிப்பாக எஃபாவிரென்ஸ். மன உளைச்சலுக்கு மருத்துவர் சீட்டே இல்லாமல் சிலர் வாங்கிச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை. இவற்றை நிறுத்திய பிறகும் நான்கு வாரம் வரை தாக்கம் நீடிக்கும். எடைக் குறைப்புக்கும் சர்க்கரைக்கும் போடும் டிர்செபடைட் ஊசி வேறு வழியில் குறுக்கிடுகிறது. வயிறு காலியாவதை மந்தமாக்கி மாத்திரை உடலில் சேர்வதைக் குறைக்கிறது. அதைத் தொடங்கும்போதும், ஒவ்வொரு முறை அளவைக் கூட்டும்போதும் நான்கு வாரத்துக்கு ஆணுறையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இவர் இதில் எதையும் எடுக்கவில்லை.

மூன்றாவது, மாத்திரையே போலியோ என்ற கேள்வி. கணவர் கேட்டார், நியாயமான கேள்விதான். உலகத்தில் அப்படி நடந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. 1998-ல் பிரேசிலில், புது இயந்திரத்தைச் சோதிப்பதற்காக மருந்தே இல்லாமல் செய்த மைக்ரோவ்லார் என்ற கருத்தடை மாத்திரைகள் எப்படியோ விற்பனைக்கு வந்துவிட்டன. அதைச் சாப்பிட்ட பெண்கள் கர்ப்பமாகி, வழக்குகள் நடந்தன. அங்கே அவற்றை 'மாவு மாத்திரை' என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனால் இப்படிப்பட்டது மிக மிக அபூர்வம். இவருடைய அட்டையின் காலாவதித் தேதி, முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. முதல் நான்கு மாதமும் உதிரப்போக்கு கணக்குத் தப்பாமல் வந்திருக்கிறது.

சரி, அப்படியானால்?

ஆறாவது அட்டையின் நான்காம் நாள் என்ன நடந்தது என்று மறுபடி யோசிக்கச் சொன்னேன். அவருக்கே அப்போதுதான் நினைவு வந்தது. அன்றிரவு வாந்தி. மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்குள். மறுநாள் வயிறு சரியாகிவிட்டது, அடுத்த மாத்திரையைப் போட்டுவிட்டார். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் அந்த மாத்திரை உள்ளே போகவில்லை என்றே வைத்துக்கொண்டு இன்னொன்று போட வேண்டும். அவருக்கு இது தெரியாது. நானும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் ஒரு மாத்திரை போனதால் மட்டும் கரு உருவாவது கடினம். இதற்கு முன்னால் வேறு ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. "பழைய அட்டைகளைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டேன். இல்லை, அலமாரியில் ஒரு டப்பாவில் கிடக்கின்றன என்றார். மறுநாள் கொண்டுவந்தார்.

ஐந்தாவது அட்டையின் கடைசி வரிசையில் இரண்டு மாத்திரைகள் உடைக்கப்படாமல் இருந்தன.

அவர் பொய் சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த வாரம் இரண்டு நாள் வெளியூர் போயிருக்கிறார், அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டார். திரும்பி வந்தபோது உதிரப்போக்கு தொடங்கியிருந்தது. "பீரியட்ஸ்தான் வந்துடுச்சே, இனிமே இந்த ரெண்டும் எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார். அவர் மனக்கணக்கில் அவை 'விட்ட' மாத்திரைகள் இல்லை, 'மிஞ்சின' மாத்திரைகள். அட்டை முடிவதற்கு முன்பே மாதவிலக்கு வந்துவிட்டது, வேலை முடிந்தது, மிச்சம் இரண்டு இருக்கிறது. அவ்வளவுதான். ஒரு மாத்திரைகூட விடவில்லை என்று அவர் சொன்னது முழு நம்பிக்கையோடு சொன்னது.

இப்போது நாட்களை அடுக்கிப் பார்க்கலாம். அவர் கடைசியாக விழுங்கிய 19-வது மாத்திரை ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. புதன், வியாழன் இரண்டும் விடுபட்டவை. அட்டையில் அச்சடித்த கணக்குப்படி வெள்ளி முதல் அடுத்த வியாழன் வரை ஏழு நாள் விடுமுறை. வெள்ளிக்கிழமை புது அட்டை தொடங்க வேண்டும். கையில் புது அட்டை இல்லாததால் ஒரு நாள் தள்ளி, சனிக்கிழமை இரவு தொடங்கினார். அவரைக் கேட்டால் "ஒரே ஒரு நாள் லேட்" என்றுதான் சொல்வார். சினைப்பையைக் கேட்டால் பதில் வேறு. புதன்கிழமையிலிருந்து அடுத்த வாரத்து வெள்ளி வரை, பத்து நாள், ஒரு துளி ஹார்மோனும் வரவில்லை.

கருத்தடை மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்பிச் சினைப்பையில் முட்டைப் பைகளை வளர்க்கிறது. அவற்றில் ஒன்று முற்றியதும் எல்.எச். என்ற இன்னொரு ஹார்மோனை ஒரேயடியாகக் கொட்டி முட்டையை வெளியே தள்ளுகிறது. தினமும் வரும் மாத்திரை இந்த இரண்டையும் அடக்கி வைக்கிறது. முட்டை வெளிவராது. கூடவே கருப்பை வாய்ச் சளியும் கெட்டியாகிறது.

ஆனால் இந்த அடக்கம் அணை மாதிரி கட்டி முடித்த விஷயமில்லை. தினமும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டிய கதவு மாதிரி. ஏழு நாள் விடுமுறையில் கையை எடுத்தவுடன் எஃப்.எஸ்.எச். ஏறத் தொடங்குகிறது, முட்டைப் பைகள் வளரத் தொடங்குகின்றன. ஏழாம் நாள் முடிவில் சில பெண்களுக்கு அவை 10 மில்லிமீட்டர் அளவுக்கு வந்திருக்கும். எட்டாம் நாள் மாத்திரை மறுபடி வந்ததும் வளர்ச்சி நின்று அவை சுருங்கிவிடும். ஏழு நாள் என்பது உடல் பொறுத்துக்கொள்ளும் இடைவெளி. அதற்கு மேல் நீளும் ஒவ்வொரு நாளும் அந்தப் பை பெரிதாகிக்கொண்டே போகும். கிட்டத்தட்ட 18, 20 மில்லிமீட்டரை எட்டிவிட்ட பிறகு மாத்திரை போட்டாலும் பலருக்கு முட்டை வெளிவந்துவிடும். எல்லோருக்கும் இப்படி நடக்காது. பத்து நாள் விட்டும் ஒன்றும் ஆகாத பெண்கள் நிறைய உண்டு. இவருக்கு நடந்தது. அதோடு புது அட்டையின் நான்காவது மாத்திரையும் வாந்தியில் போனது. அடக்கம் முழுமையாகத் திரும்பிவர, தொடர்ந்து ஏழு மாத்திரை உள்ளே போக வேண்டும். அவருக்கு மூன்றுதான் போயிருந்தன.

இதை அவருக்கு ஒரு தாளில் வரைந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "நடுவுல ரெண்டு விட்டிருந்தா?" என்றார். நல்ல கேள்வி. அட்டையின் நடுவில், முன்னும் பின்னும் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கும்போது விடுபட்டவை ஆபத்து குறைந்தவை. அடக்கம் அப்போது உறுதியாக இருக்கும். ஆபத்து இருப்பது இரண்டு முனைகளில். அட்டையின் கடைசி மாத்திரைகளை விட்டாலும் முதல் மாத்திரைகளை விட்டாலும் நீள்வது அதே இடைவெளிதான். ஆனால் மனித இயல்பு நேர்மாறாக இருக்கிறது. நடுவில் விட்டால் பதறுகிறோம், கடைசியில் விட்டால் 'முடியப் போகுதே' என்று இருந்துவிடுகிறோம், தொடக்கத்தில் ஒரு நாள் தள்ளினால் கணக்கிலேயே எடுப்பதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த இரண்டு மாத்திரைகளை விட்ட பிறகும் அவர் தப்பித்திருக்க மூன்று வாய்ப்புகள் இருந்தன. முதலாவது, ஊரிலிருந்து திரும்பிய அன்றே விடுமுறை எதுவும் இல்லாமல் நேராகப் புது அட்டையைத் தொடங்கியிருக்கலாம். கடைசி வாரத்தில் இரண்டோ அதற்கு மேலோ விட்டால் பொதுவாகச் சொல்லும் வழி இதுதான். உதிரப்போக்கு நடந்துகொண்டிருந்தாலும் பரவாயில்லை, அது ஒன்றுக்கும் தடையில்லை. இரண்டாவது, விட்ட இரண்டு நாட்களையும் விடுமுறையில் சேர்த்து எண்ணியிருக்கலாம். கடைசி மாத்திரை விழுங்கியது செவ்வாய். அதிலிருந்து ஏழு நாள் விட்டு அடுத்த வாரப் புதன்கிழமை தொடங்கியிருந்தால் இடைவெளி ஏழோடு நின்றிருக்கும், பாதுகாப்பு துளியும் குறைந்திருக்காது. அட்டை எப்போது முடிய வேண்டும் என்று அச்சடித்திருக்கிறது என்பதை விட்டுவிட்டு, கடைசியாக வாய்க்குள் போன மாத்திரையிலிருந்து எண்ண வேண்டும். நான் அவருக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய ஒரே வாக்கியம் இருக்கிறது என்றால் அது இதுதான்.

மூன்றாவது வாய்ப்பு, சனிக்கிழமை தொடங்கிய பிறகு. அடுத்த ஏழு நாளுக்கு ஆணுறை பயன்படுத்தியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஐந்து நாளில் உடலுறவு நடந்திருந்ததால் அவசரக் கருத்தடையும் யோசித்திருக்கலாம். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. யூலிபிரிஸ்டல் 30 மில்லிகிராம் 120 மணி நேரம் வரை பலன் தரும், ஆனால் அதைப் போட்டால் வழக்கமான மாத்திரையைத் திரும்பத் தொடங்க ஐந்து நாள் பொறுக்க வேண்டும். ஐந்து நாளுக்குள் காப்பர் டி பொருத்துவது இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது.

இங்கே அந்த 99-க்கு வருகிறேன். பிழையே இல்லாமல் சாப்பிட்டால், ஒரு வருஷத்தில் 1,000 பெண்களில் 3 பேர் கர்ப்பமாகலாம் என்பது நிபுணர்கள் வைத்திருக்கும் மதிப்பீடு. நிஜ வாழ்க்கையில் சாப்பிடுகிறபடி சாப்பிட்டால் 100-க்கு 7. சில வருஷங்களுக்கு முன்வரை இதை 9 என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். எந்தத் தடுப்பும் இல்லாவிட்டால் 100-க்கு 85. ஆக மாத்திரை பெரிய பாதுகாப்புதான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் 3-க்கும் 70-க்கும் உள்ள தூரம் (இரண்டையும் ஆயிரத்துக்கு என்று வைத்துப் பாருங்கள்) மாத்திரையின் வேதியியலில் இல்லை. அன்றாட வாழ்க்கையில் இருக்கிறது.

இந்த 7 சதவீதத்தையும் ஜாதகம் மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. மாத்திரைதான் என் கருத்தடை முறை என்று சொல்லிவிட்டு மூன்று வாரம் அட்டையையே திறக்காதவரும் அதில் உண்டு, ஒரு நாள் தவறியவரும் உண்டு. இது ஒரு கூட்டத்தின் சராசரி. இளம் வயதினருக்கு இது இன்னும் கூடுதல். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்து 2012-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், மாத்திரை, தோலில் ஒட்டும் பட்டை, யோனி வளையம் மூன்றையும் பயன்படுத்தியவர்களில் வருஷத்துக்கு 100 பேருக்கு 4.55 கர்ப்பம் பதிவானது. காப்பர் டி, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் கருவி, கைக்குள் வைக்கும் குச்சி ஆகியவற்றைத் தேர்ந்தவர்களில் அது 0.27. முதல் குழுவிலேயே 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தவறும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. நாள்தோறும் நினைவு வைக்க வேண்டியதில்லை என்பதுதான் அந்தக் கருவிகளின் பலம்.

கர்ப்பத் தடுப்பின் தோல்வியை இப்படி எண்ணத் தொடங்கியது ரேமண்ட் பெர்ல் என்ற உயிரியலாளர், 1933-ல். 100 பெண்கள் ஒரு வருஷம் பயன்படுத்தினால் எத்தனை கர்ப்பம் என்பது அவர் பெயரால் வழங்கும் குறியீடு. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் இன்றும் அதைப் பார்க்கலாம். அதில் எனக்கு ஒரு குறை உண்டு. எளிதில் கர்ப்பமாகிறவர்களும் மறதி உள்ளவர்களும் முதல் சில மாதங்களிலேயே கர்ப்பமாகி ஆய்விலிருந்து வெளியேறிவிடுவார்கள். ஆய்வை எவ்வளவு நாள் நீட்டுகிறார்களோ, எண் அவ்வளவு அழகாகத் தெரியும்.

மறதியைப் பற்றிய ஒரு தகவல் என்னை மாற்றியது. மாத்திரை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் நேரத்தைப் பதிவு செய்யும் மின்னணுக் கருவியைப் பெண்களிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் தாங்களாகக் குறித்துக் கொடுத்ததைவிடக் கருவி காட்டிய விடுபடல்கள் மிக அதிகம். 2010-ல் வெளியான அப்படி ஓர் ஆய்வில் மாதத்துக்குச் சராசரியாக நான்குக்கு மேல் விடுபட்டிருந்தன. தினமும் கைப்பேசியில் நினைவூட்டுச் செய்தி அனுப்பிய குழுவுக்கும் அனுப்பாத குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. பெண்கள் பொய் சொல்கிறார்கள் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தினமும் ஒரே மாதிரி செய்யும் செயல் நினைவில் தங்காது. நேற்றிரவு கதவைப் பூட்டினோமா என்று யாருக்காவது தெளிவாக நினைவிருக்கிறதா? அவருடைய விஷயத்தில் அட்டை மட்டும்தான் சாட்சி சொன்னது. காலியான அட்டைகளைக் குறைந்தது மூன்று மாதம் தூக்கிப் போடாதீர்கள் என்று இப்போது நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

முறையையே மாற்றிக்கொள்ளும் வழிகளும் இருக்கின்றன. அந்த ஏழு நாள் விடுமுறைக்கு மருத்துவத் தேவை எதுவும் கிடையாது. 1950-களின் இறுதியில் மாத்திரையை உருவாக்கியவர்கள், இயல்பான மாதவிலக்கு போலத் தோன்றட்டும் என்று வைத்த இடைவெளி அது. இன்று 24 மாத்திரையும் 4 நாள் இடைவெளியும் உள்ள அட்டைகள் கிடைக்கின்றன. விடுமுறையே இல்லாமல் இரண்டு மூன்று அட்டைகளைத் தொடர்ந்து சாப்பிடும் முறையும் மருத்துவ ஆலோசனையோடு பின்பற்றத் தக்கதுதான். 28 மாத்திரை உள்ள அட்டையில் கடைசி ஏழு, ஹார்மோன் இல்லாத வெறும் மாத்திரைகள் அல்லது இரும்புச்சத்து. தினமும் போடும் பழக்கம் அறுபடாமல் இருப்பது அதன் நன்மை. அந்த ஏழில் எதை விட்டாலும் கவலையில்லை, அடுத்த அட்டையின் முதல் நாள் மட்டும் தள்ளிப் போகக் கூடாது.

இனி அவரிடம் திரும்புவோம். இரண்டாவது சந்திப்பில் கணவரும் வந்திருந்தார். கர்ப்பம் தெரியாமல் ஒரு முழு அட்டை சாப்பிட்டிருக்கிறேனே, குழந்தைக்கு ஏதாவது ஆகுமா என்பதுதான் அவருடைய பெரிய பயம். தொடக்க வாரங்களில் தெரியாமல் சாப்பிட்டதால் பிறவிக் குறைகள் கூடியதாக ஆய்வுகள் காட்டவில்லை. அதைச் சொன்னதும் அவர் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தேன். அடுத்து என்ன செய்வது என்பது அவர்கள் முடிவெடுக்க வேண்டியது, என் முடிவில்லை. என்னென்ன வழிகள் உண்டோ எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, நேரம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து, கர்ப்பத்தைத் தொடர்வதாகச் சொன்னார்கள்.

கிளம்பும்போது கேட்டார், "அப்போ இது என் தப்புதானா டாக்டர்?" கணவர் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டில் அந்தப் பேச்சு நடந்திருக்கிறது என்று புரிந்தது. இருவரையும் மறுபடி உட்காரச் சொன்னேன். ஆறு மாதத்துக்கு முன் அவர் கேட்ட கேள்வியையும் நான் சொன்ன பதிலையும் கணவருக்கும் சொன்னேன். 'கடைசி ரெண்டை விட்டா என்ன பண்ணணும்' என்று அந்த அறையில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். கணவர் ஒன்றும் பேசவில்லை. வெளியே போகும்போது அவர் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

குழந்தை சுகமாகப் பிறந்தது. பிறந்த ஆறாவது வாரம் காப்பர் டி பொருத்திக்கொண்டார். மாத்திரை மேல் கோபமா என்று கேட்டேன். "கோபமெல்லாம் இல்ல, ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு எண்ணிக்கிட்டே இருக்க முடியாது" என்றார்.

இப்போது மாத்திரை எழுதிக் கொடுக்கும்போது 99 என்ற எண்ணைச் சொல்லி முடித்ததும் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். "அட்டையில ரெண்டு மாத்திரை இருக்கும்போதே பீரியட்ஸ் வந்துடுச்சு. என்ன பண்ணுவீங்க?" முக்கால்வாசிப் பேர் சிரித்துக்கொண்டே, "நிறுத்திடுவேன்" என்கிறார்கள். அப்புறம் தாளை எடுத்து, செவ்வாய்க்கிழமையிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம்.